வயலில் திரியும் நாயும் வீட்டாரின் நலமும்

காய்ச்சலுடன் வருவோரிடம், "வீட்டில் நாய் உண்டா?" என்று நாங்கள் கேட்பதுண்டு. வயல், வரப்பு, புதரெல்லாம் சுற்றித் திரும்பும் நாய் உண்ணியையும் சுமந்து வரக்கூடும்.

மாலைதோறும் அதன் காது மடல், கழுத்து, கால் இடுக்கு, விரலிடைகளைத் தடவிப் பாருங்கள். உண்ணி தென்பட்டால் கையுறை அணிந்து, இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுத்தெடுங்கள். மண்ணெண்ணெய் ஊற்றுவதும், தீயால் சுடுவதும், விரலால் நசுக்குவதும் கூடாது. நாய் சோர்ந்து உணவை மறுத்தாலோ, மூக்கில் இரத்தம் கசிந்தாலோ கால்நடை மருத்துவரை அணுகுங்கள். எலி மருந்து வைத்த வயலிலும், சுற்றுச்சுவரற்ற கிணற்றருகிலும் அவிழ்த்துவிடாதீர்கள். வெறிநோய்த் தடுப்பூசியை ஆண்டுதோறும் போடுங்கள்.

உண்ணி கடித்த இரு வாரங்களுக்குள் காய்ச்சல், கடும் தலைவலி, தோல் தடிப்பு தோன்றினால், கடிபட்டதை மருத்துவரிடம் மறவாமல் கூறுங்கள். இக்காய்ச்சலுக்கு நல்ல மருந்து உண்டு, தாமதமே ஆபத்து.