கூரைக்குக் கீழே எத்தனை டன்?

பெரிய கட்டடம் என்றதும் கண்ணாடி போர்த்திய ஐ.டி. கோபுரம்தான் நம் நினைவுக்கு வரும். மறைமலை நகரில் அப்படி அண்ணாந்து பார்க்க அதிகம் இல்லை. இங்கிருந்து ஒரகடம் வழியாக ஸ்ரீபெரும்புதூர் போகிறவர்கள் பார்ப்பதெல்லாம் ஏக்கர் கணக்கில் நீண்டு கிடக்கும் தகரக் கூரை ஷெட்டுகள்தாம். அவற்றின் கரியமில வாயுக் கணக்கை யார் கேட்கிறார்கள்?

ஒரு கார் ஆலையை எடுத்துக்கொள்வோம். அதிகம் மின்சாரம் தின்பது வெல்டிங் ரோபோ என்று தோன்றும். உண்மையில் பெருந்தீனிக்காரன் பெயின்ட் ஷாப். பூச்சு பிசிறில்லாமல் படிய வேண்டுமானால், பூத்துக்குள் வரும் காற்றின் வெப்பமும் ஈரப்பதமும் சொன்ன அளவிலேயே நிற்க வேண்டும். செங்கல்பட்டுப் பக்கத்துக் காற்றோ கடல் ஈரத்தைச் சுமந்தே வரும். அதைச் சில்லரில் குளிரவைத்து, நீரைப் பிரித்து, பிறகு தேவையான அளவு சூடேற்றி உள்ளே விடுகிறார்கள். பெயின்ட் ஆவி கலந்துவிடுவதால் அதில் பெரும்பகுதியை வெளியேற்ற வேண்டியிருக்கிறது. மறுபடி புதுக் காற்று, மறுபடி சில்லர். பூச்சு முடிந்த காரை 140 டிகிரி சூட்டில் அடுப்புக்குள் அனுப்புகிறார்கள். பல ஆலைகளில் மொத்த ஆற்றலில் ஏறக்குறைய பாதி இந்த ஒரு பகுதியிலேயே கரைகிறது.

நம் மின்தொகுப்பிலிருந்து எடுக்கும் ஒரு யூனிட்டுக்குப் பின்னால் சுமார் 0.7 கிலோ கரியமில வாயு இருக்கிறது. கரண்ட் போய் ஜெனரேட்டர் ஓடினால், ஒரு லிட்டர் டீசலுக்கு 2.7 கிலோ, கிடைப்பதோ மூன்று சொச்சம் யூனிட். பழைய ஏ.சி.க்களில் இருக்கும் ஆர்-22 வாயு இன்னும் மோசம். ஒரு கிலோ கசிந்தால் ஏறத்தாழ 1,800 கிலோ கரியமில வாயுவை விட்டதற்குச் சமம். ‘கேஸ் இறங்கிடுச்சு சார், டாப்-அப் பண்ணணும்’ என்பார் மெக்கானிக். இறங்கிய கேஸ் எங்கே போனது என்று நாமும் கேட்பதில்லை.

சட்டம் இல்லாமல் இல்லை. ஆற்றல் சேமிப்புக் கட்டட விதித்தொகுப்பு 2007-இல் வந்தது, 2017-இல் திருத்தப்பட்டது. 100 கிலோவாட்டும் அதற்கு மேலும் மின்சுமை கொண்ட வணிகக் கட்டடங்களின் சுவர், கண்ணாடி, சில்லர் எல்லாம் எப்படி இருக்க வேண்டும் என்று அது சொல்கிறது. ஆனால் 2007-இன் தொகுப்பு உற்பத்திக்கான ஆற்றலைத் தன் எல்லைக்கு வெளியே வைத்துவிட்டது. இந்தத் தொழில் தடத்தின் பெரும்பங்கு அந்த ஒரு வரியிலேயே கழன்றுவிட்டது. எஞ்சியவற்றையும் முக்கியமாகக் கட்டும்போதுதான் பார்க்கிறார்கள். பிறகு பத்து வருடம் எப்படி ஓடியது என்பது ஈ.பி. பில் கட்டுகிறவருக்கு மட்டுமே தெரியும்.

சென்னை ஓமந்தூரார் தோட்டத்துக் கட்டடத்தைப் பாருங்கள். சட்டமன்றத்துக்காக 2010-இல் திறக்கப்பட்டபோது பசுமைக் கட்டடம் என்று பெயரெடுத்தது. 2014 முதல் அங்கே இயங்குவது பன்னோக்கு உயர் சிறப்பு மருத்துவமனை. ஆண்டில் சில வாரம் கூடும் அவைக்கும், இரவு பகலாக ஓடும் அறுவை அரங்குக்கும் மின்கணக்கு ஒன்றாக இருக்குமா?

நியூயார்க் வேறு வழியில் போனது. 2019-இல் அது இயற்றிய உள்ளூர்ச் சட்டம் 97, 25,000 சதுர அடிக்கு மேற்பட்ட பெரும்பாலான கட்டடங்களுக்கு உமிழ்வு வரம்பு வைத்தது. 2024 முதல் வரம்பு அமலில் இருக்கிறது. மீறினால் டன்னுக்கு 268 டாலர் அபராதம். பழைய கட்டடமும் ஆண்டுதோறும் கணக்குக் காட்டியாக வேண்டும். இதை அப்படியே இங்கே நட்டால் வளராது. வல்லம் வடகாலில் 18,720 பெண் தொழிலாளர்கள் தங்குவதற்கான சிப்காட் குடியிருப்பு 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. இரவு ஷிப்ட் முடித்து வந்தவர் பகல் வெக்கையில்தான் தூங்க வேண்டும்; ஃபேன் நிற்காது, மோட்டாரும் ஓய்வெடுக்காது. சதுர அடிக்கு இத்தனை யூனிட் என்று மட்டும் அளந்தால், ஆள் நிறைந்த விடுதி குற்றவாளியாகும், பாதி காலியான அலுவலகம் உத்தமனாகும். நியூயார்க்கிலும் இந்த முணுமுணுப்பு உண்டு.

இங்கே இருப்பது பங்குச் சந்தைக் கண்காணிப்பு அமைப்பான செபியின் விதி. பங்குச் சந்தையின் முதல் 1,000 நிறுவனங்கள் 2022-23 முதல் தங்கள் உமிழ்வை வெளியிட வேண்டும். ஆனால் நிறுவனம் முழுவதற்கும் சேர்த்து எண் கொடுத்தால் போதும். ஒரகடத்து ஷெட் எவ்வளவு விட்டது என்று அதில் தேட முடியாது. இந்தியச் சந்தையில் பட்டியலிடாத வெளிநாட்டு நிறுவனக் கிளைகளுக்கு அந்தக் கட்டாயமும் இல்லை.

ஓடாத கட்டடத்துக்கும் கணக்கு உண்டு. மறைமலை நகர் ஃபோர்டு ஆலையில் 2022-இல் உற்பத்தி நின்றது. அதன் தூண்களுக்கும் தளங்களுக்குமான சிமென்ட்டும் இரும்பும் விட்ட புகை தொண்ணூறுகளிலேயே காற்றில் கலந்துவிட்டது. 2025 அக்டோபரில் அரசுடன் போட்ட ஒப்பந்தப்படி, 3,250 கோடி ரூபாய் முதலீட்டில் 2029 முதல் அங்கே எஞ்சின் தயாராகும். நிற்கிற ஷெட்டையே பயன்படுத்துவது, புதிதாக ஏரிக்கரையோரம் இன்னொன்று எழுப்புவதைவிட எவ்வளவோ மேல். கார் உடலுக்கான பெயின்ட் ஷாப்பும் எஞ்சினுக்குத் தேவையில்லை.

கணக்கெடுக்கப் புது அலுவலகம் திறக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு உயரழுத்த (ஹெச்.டி.) மின் இணைப்பின் மாத யூனிட்டும் மின்வாரியத்திடம் இருக்கிறது. கட்டடத்தின் பரப்பு, அனுமதி கொடுத்த துறையின் கோப்பில் இருக்கிறது. ஆள் எண்ணிக்கையை விடுதிக்காரரும் ஆலையும் ஆண்டுக்கு ஒருமுறை எழுதித் தரலாம். மூன்றையும் ஒரே பட்டியலில் போட்டு, கட்டடத்தின் பெயரோடு வெளியிட்டால் போதும். அபராதத்தைப் பற்றி அப்புறம் பேசலாம்.