பூனையின் மூளையும் உடலின் காவலும்

விசர் நோய் நாய்க்கே உரியதென எண்ணுவோர் பலர்; பூனையையும் அது பற்றும். விசர் நாய் கடித்த புண்ணிலே சேரும் வைரசு, குருதியிற் பரவாது, நரம்பின் வழியே மூளையை நோக்கி மெல்ல நகர்கின்றது. அவ்வாறு மறைந்து செல்லும் பகையை உடலின் காவற்படை உரிய வேளையில் உணர்வதில்லை. குருதியிலே பிறபொருளெதிரிகள் போதிய அளவு தோன்றுமுன் மூளை பற்றப்பட்டுவிடும். அதன்பின் பூனை பிழைப்பதில்லை.

தடுப்பூசி பெற்ற பூனையிலோ பிறபொருளெதிரிகள் முன்னரே ஆயத்தமாய் நிற்கின்றன. நரம்பை எட்டுமுன்னரே வைரசை முடக்குகின்றன.

வைரசின் மெதுவான பயணமே, கடியுண்ட மனிதனுக்குக் கிடைக்கும் தவணை. ஆகவே, பூனை கடித்தாலோ கீறினாலோ புண்ணைச் சவர்க்காரமிட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, தாமதியாது வைத்தியசாலையை நாடுதல் வேண்டும்.