புதிய மாணவரை முதலில் கூப்பிடுவது யார்?

ஆறாம் ஆண்டு மாணவன் தன் தமிழ்ப்பள்ளியில் பெரியவன். சபைகூடலில் முன்னால் நிற்பவன் அவன். நூலகத்தில் சிறு பிள்ளைகளுக்குப் புத்தகம் எடுத்துக் கொடுப்பவனும் அவன். ஆசிரியர்களுக்கு அவனையும் தெரியும், அவன் அக்காவையும் தெரியும், அம்மாவையும் தெரியும். பள்ளி விடுமுறை முடிந்து படிவம் 1-இல் காலெடுத்து வைத்ததும், அதே மாணவன் பள்ளியிலேயே மிகச் சிறியவனாகிவிடுகிறான். கட்டடம் பெரிது. கூட்டம் பெரிது. காதில் விழும் மொழி வேறு. வளாகத்தில் யாரோ ஒரு புனிதரின் சிலை. சட்டைப் பையில் குத்தியிருக்கும் சின்னத்தில் புரியாத மொழியில் ஒரு வாசகம்.

கிள்ளான் பள்ளத்தாக்கில் கான்வென்ட், லா சால், செயின்ட் ஜான்ஸ் போன்ற பெயர்களைக் கொண்ட இடைநிலைப்பள்ளிகளில் சேரும் நம் பிள்ளைகளில் பலருடைய முதல் வாரம் இப்படித்தான் கழிகிறது. அந்த முதல் வாரங்களில் யார் அவர்களைக் கூப்பிட்டுப் பேசுகிறார்கள் என்பதுதான் இக்கட்டுரையின் பேச்சு.

வாசகத்தின் பின்னால் இருப்பது

புதிய இடத்தின் மீதுள்ள அச்சம் தீர, அந்த இடத்தைத் தெரிந்துகொள்வதே நல்ல வழி. இப்பள்ளிகள் எங்கிருந்து வந்தன?

1852-ஆம் ஆண்டில் லா சால் சபையின் பிரதர்களும், குழந்தை இயேசு சபையின் சிஸ்டர்களும் பினாங்கில் வந்திறங்கிப் பள்ளிகளைத் தொடங்கினார்கள். கோலாலம்பூரில் சிஸ்டர்களின் கான்வென்ட் 1899-இல் தொடங்கியது. அதுவே இன்றைய கான்வென்ட் புக்கிட் நானாஸ். அதே குன்றில் பிரதர்களின் செயின்ட் ஜான்ஸ் இன்ஸ்டிடியூஷன் 1904-இல் பிறந்தது. பிறகு பிரிக்பீல்ட்ஸ், கிள்ளான், பெட்டாலிங் ஜெயா என லா சால் பெயரில் பள்ளிகள் பெருகின.

செயின்ட் ஜான்ஸ் பள்ளியின் வாசகம் லத்தீன் மொழியில் உள்ளது: ஃபீடே எத் லபோரே. ‘நம்பிக்கையாலும் உழைப்பாலும்’ என்பது அதன் பொருள். கான்வென்ட் பள்ளிகளின் வாசகம் பிரெஞ்சு மொழியில் உள்ளது. ‘நற்பண்பில் எளிமை, கடமையில் உறுதி’ என்று அதைத் தமிழில் சொல்லலாம். பொருள் தெரிந்துவிட்டால் நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்வதற்கும் அதற்கும் பெரிய வேறுபாடு இல்லை என்பது விளங்கிவிடும். ஆனால் இதைப் படிவம் 1 மாணவருக்கு யாராவது சொல்ல வேண்டும். ஒரு மூத்த மாணவர் 2 நிமிடத்தில் சொல்லிவிடலாம்.

“அங்கே போனால் மதம் மாற்றிவிடுவார்களோ?” என்று கேட்கும் பாட்டிகள் இன்றும் இருக்கிறார்கள். இதற்கு 1996-ஆம் ஆண்டு கல்விச் சட்டத்தின் 51-ஆவது பிரிவு பதில் சொல்கிறது. அரசாங்க உதவி பெறும் பள்ளியில் இஸ்லாம் அல்லாத ஒரு சமயத்தைப் போதிக்க வேண்டுமானால், அதற்கு நாடாளுமன்றம் ஒதுக்கும் பணத்தைப் பயன்படுத்தக் கூடாது. பெற்றோரின் எழுத்துப்பூர்வ அனுமதி இல்லாமல் எந்த மாணவரும் தன் சமயம் அல்லாத சமயப் போதனையில் உட்காரவும் கூடாது. வகுப்பு நேரத்தில் முஸ்லிம் மாணவர்கள் இஸ்லாமியக் கல்வியும் மற்றவர்கள் நன்னெறிக் கல்வியும் படிக்கிறார்கள். மற்ற தேசிய இடைநிலைப்பள்ளிகளிலும் இதுவே நடைமுறை.

‘பின்னம்’ தெரியும், ‘பெச்சாஹான்’ தெரியாது

பிரிக்பீல்ட்ஸிலிருந்து புக்கிட் நானாஸ் அதிகத் தூரமில்லை. கேஎல் சென்ட்ரலில் எல்ஆர்டி ஏறினால் பசார் செனி, அடுத்தது மஸ்ஜித் ஜாமெக். இரண்டே நிறுத்தம். அதன் பிறகு குன்றின் மீது சிறிது நடை. ஆனால் தமிழ்ப்பள்ளியிலிருந்து வரும் மாணவருக்கு உண்மையான தூரம் மொழியில் இருக்கிறது.

6 ஆண்டுகள் கணிதத்தைத் தமிழில் படித்தவர் அவர். பின்னம் தெரியும், பரப்பளவு தெரியும், சுற்றளவு தெரியும். சிக்கு வந்து ‘பெச்சாஹான்’ என்கிறார், ‘லுவாஸ்’ என்கிறார். விடை மனத்தில் இருக்கிறது, கேள்விதான் விளங்கவில்லை. கை மேலே எழுவதில்லை. நான்கு முறை கை எழாமல் போனால் ஐந்தாம் முறை ஆசிரியர் அந்தப் பக்கம் பார்ப்பதில்லை. வகுப்பு நண்பர்கள் ‘அவனுக்கு ஒன்றும் தெரியாது’ என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். சில மாதங்களில் அவரும் அதை நம்பத் தொடங்கிவிடுகிறார்.

தேசிய மொழியில் போதிய அடைவு இல்லாத மாணவர்களுக்கென்றே படிவம் 1-க்கு முன்னால் ஓராண்டுப் புகுமுக வகுப்பு இருந்து வந்துள்ளது. ஆங்கிலம் பயிற்று மொழியாக இருந்த நாள்களிலும் தமிழ்ப்பள்ளி மாணவர்கள் இந்த வகுப்பைத் தாண்டித்தான் மிஷன் பள்ளிகளில் படித்தார்கள். 1970-இல் முதலாம் ஆண்டிலிருந்து படிப்படியாகப் பயிற்று மொழி மலாய்க்கு மாறியது. மொழி மாறினாலும் சிக்கல் மாறவில்லை. தாத்தா காலத்திலிருந்து தொடரும் சிக்கல் இது. ஆகவே புதிய மாணவர் தயங்கினால் அது அறிவுக் குறைவு என்று யாரும் எண்ண வேண்டாம்.

வராதவர்களைத் தேடிப் போனவர்கள்

லா சால் சபையை நிறுவிய ஜான் பாப்டிஸ்ட் டி லா சால் 1651-இல் பிரான்சின் ரைம்ஸ் நகரில் பிறந்தவர். அவர் காலத்தில் பிள்ளைகளுக்கு முதலில் லத்தீனில்தான் வாசிக்கக் கற்பித்தார்கள். ஏழைப் பிள்ளைகளுக்கு அவர்கள் வீட்டில் பேசும் பிரெஞ்சு மொழியிலேயே வாசிப்பைத் தொடங்க வேண்டும் என்று மாற்றிக் காட்டியவர் அவர். தாய்மொழியில் தொடங்கும் கல்வியின் அருமை தமிழ்ப்பள்ளியில் படித்த நமக்கு நன்றாகவே தெரியும்.

அவருடைய பள்ளிகள் எப்படி நடக்க வேண்டும் என்று சொல்லும் கையேடு ஒன்று உண்டு. அவர் மறைந்த மறு ஆண்டான 1720-இல் அது அச்சானது. வகுப்பு மாணவர்களுக்கான பொறுப்புகளை அதில் வரிசையாகச் சொல்லியிருக்கிறார்கள். மணி அடிப்பவர், தாள் கொடுப்பவர், கூட்டுபவர், சாவி வைத்திருப்பவர். இவற்றோடு இன்னொரு பொறுப்பும் இருக்கிறது: பள்ளிக்கு வராத மாணவரின் வீட்டுக்குப் போய் ஏன் வரவில்லை என்று பார்த்து வருபவர்.

சற்று யோசியுங்கள். 300 ஆண்டுகளுக்கு முன்பே ஒரு பிள்ளை வராத நாளில் இன்னொரு பிள்ளை அவன் வீட்டுக் கதவைத் தட்டியிருக்கிறான். இன்று வருகைப் பதிவேட்டில் கோடு விழுகிறது. மூன்று நாள் தாண்டினால் கடிதம் போகிறது. கடிதம் பெற்றோரைத்தான் சென்றடைகிறது. “நேத்து ஏன்டா வரல? உனக்கு நோட்டு எழுதி வெச்சிருக்கேன்” என்று ஒரு நண்பன் கேட்பதுதான் அந்த மாணவனைச் சென்றடையும். வீட்டுக்குப் போக வேண்டியதில்லை. ஒரு வாட்ஸ்அப் குரல் பதிவு போதும்.

இது ஏன் இத்தனை முக்கியம்? ஓய்வு நேரத்தில் சிற்றுண்டிச்சாலையின் ஓரத்தில் தனியாக நிற்கும் பையனை யாராவது ஒருநாள் கூப்பிடத்தான் போகிறார்கள். செஸ் கழகத்து அண்ணன் கூப்பிட்டால் அவன் செஸ் ஆடுவான். பள்ளிக்கு வெளியே மோட்டாரோடு நிற்கும் கும்பல் முதலில் கூப்பிட்டால் அங்கே போய் நிற்பான். குண்டர் கும்பலில் சேரும் பிள்ளைகளைப் பற்றி நாம் ஆண்டுதோறும் வருந்திப் பேசுகிறோம். அந்த வழி பெரும்பாலும் சண்டையில் தொடங்குவதில்லை. “நம்ம பையன்தானே, வா” என்ற ஒரு சொல்லில் தொடங்குகிறது. அந்தச் சொல்லை நல்லவர்கள் முந்திக்கொண்டு சொல்ல வேண்டும்.

மூத்த மாணவர்களே, நீங்கள் செய்யக்கூடியவை

உங்கள் பள்ளியில் அறிமுக வாரம் இருக்கும். பள்ளிப் பாடலையும் விதிமுறைகளையும் அங்கே சொல்லிக் கொடுப்பார்கள். உண்மையான உதவி அந்த வாரம் முடிந்த பிறகுதான் தேவைப்படும்.

ஆலோசக ஆசிரியரிடம் சொல்லி, படிவம் 3 அல்லது 4 மாணவர் ஒருவருக்குப் புதிய மாணவர் இருவர் அல்லது மூவர் என்று பொறுப்பைப் பிரித்துக்கொள்ளுங்கள். முதல் 6 வாரங்களுக்கு, வாரத்தில் இரண்டு நாள் ஓய்வு நேரத்தில் அவர்களோடு அமர்ந்து சாப்பிடுங்கள். “சாப்பிட்டியா தம்பி? எந்த வகுப்பு?” என்பதே நல்ல தொடக்கம். கழிவறை எங்கே, எந்தக் கடையில் வரிசை சீக்கிரம் நகரும், பேருந்தைத் தவறவிட்டால் யாரிடம் சொல்வது போன்ற சின்ன விஷயங்களைச் சொல்லுங்கள். புதியவரின் பயம் பெரும்பாலும் இவற்றில்தான் இருக்கிறது.

பெயரைச் சரியாகக் கேட்டுச் சரியாகச் சொல்லுங்கள். பட்டப்பெயர் வைத்துக் கூப்பிடுவது உங்களுக்கு விளையாட்டு. கேட்பவருக்கு அது பகடிவதையின் முதல் படி. ‘நாங்களும் இப்படித்தான் வாங்கினோம்’ என்று புதியவர்களைப் பாடச் சொல்வதும், வேலை ஏவுவதும் மரபு ஆகாது. அப்படி நடப்பதைப் பார்த்தால் கட்டொழுங்கு ஆசிரியரிடம் சொல்லுங்கள். அதைக் காட்டிக் கொடுப்பது என்று எண்ண வேண்டாம்.

இன்னொன்று. தமிழ் மாணவர்களை மட்டும் சேர்த்து ஒரு வட்டம் போட்டுவிடாதீர்கள். உங்கள் மலாய், சீன நண்பர்களையும் அந்த மேசையில் உட்கார வையுங்கள். தேசிய மொழி நாக்கில் புழங்க அதைவிட நல்ல வகுப்பு கிடையாது. பல்கலைக்கழகத்தில் படிக்கும் முன்னாள் மாணவர்களும் மாதம் ஒரு சனிக்கிழமை வந்து கணிதம் சொல்லிக் கொடுக்கலாம்.

புதிய மாணவர்களே, உங்களுக்கு

ஒரு சின்ன நோட்டுப் புத்தகத்தில் மூன்று கட்டம் போடுங்கள்: தமிழ், மலாய், ஆங்கிலம். பாடத்தில் வரும் ஒவ்வொரு கலைச்சொல்லையும் மூன்றிலும் எழுதுங்கள். நாளுக்கு 5 சொல் என்றால் 20 பள்ளி நாள்களில் 100 சொல். முதல் தேர்வுக்கு முன்பே கேள்வித்தாள் உங்களோடு பேசத் தொடங்கும்.

முதல் மாதத்திலேயே ஒரு விளையாட்டிலோ கழகத்திலோ சீருடை இயக்கத்திலோ சேருங்கள். வகுப்பறையில் கிடைக்காத நட்பு திடலில் கிடைக்கும். மனம் மிகவும் தளர்ந்தால் வீட்டாரிடமோ ஆலோசக ஆசிரியரிடமோ சொல்லுங்கள். அவர்களிடம் சொல்ல முடியாத நிலையில் 15999 என்ற தாலியான் காசே எண்ணை அழைக்கலாம்.

பெற்றோருக்கு: 15 கையொப்பம்

இடைநிலைப்பள்ளிக்குப் போனதும் பல பிள்ளைகள் தமிழை விட்டுவிடுகிறார்கள். “அந்தப் பள்ளியில் தமிழ் வகுப்பு இல்லை” என்பது வழக்கமான காரணம். 1996-ஆம் ஆண்டு கல்விச் சட்டத்தின்படி, ஒரு தேசிய இடைநிலைப்பள்ளியில் குறைந்தது 15 மாணவர்களின் பெற்றோர் கேட்டுக்கொண்டால் தமிழ் கற்பிக்க வசதி செய்து தர வேண்டும். மிஷன் பள்ளிகளில் அரசாங்க உதவி பெறும் இடைநிலைப்பள்ளிகளுக்கும் இது பொருந்தும்.

ஆகவே, பிள்ளையைச் சேர்க்கும் நாளிலேயே மற்ற தமிழ்ப் பெற்றோரின் எண்களை வாங்கிக்கொள்ளுங்கள். 15 பேர் சேர்ந்ததும் பள்ளி முதல்வருக்குக் கடிதம் கொடுங்கள். பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்திலும் எழுப்புங்கள். தமிழ் வகுப்பு வந்துவிட்டால், புதிய மாணவருக்குக் கை தூக்கிப் பதில் சொல்லக்கூடிய ஒரு பாடமாவது முதல் நாளிலிருந்தே இருக்கும். அந்தத் துணிவு மற்றப் பாடங்களுக்கும் பரவும்.

ஜான் பாப்டிஸ்ட் டி லா சாலை ஆசிரியர்கள் அனைவருக்கும் பாதுகாவலராகத் திருச்சபை அறிவித்த நாள் 1950 மே 15. நம் நாட்டின் ஆசிரியர் தினம் மே 16. அந்த நாள்களில் ஆசிரியர்களுக்குப் பூங்கொத்தும் வாழ்த்து அட்டையும் கொடுப்போம். அதற்கு முன்பாக, உங்கள் படிவம் 1 வகுப்புகளில் ஒருமுறை எட்டிப் பாருங்கள். காலியாகக் கிடக்கும் நாற்காலி யாருடையது என்று கேளுங்கள். பெயர் தெரிந்ததும் அந்தத் தம்பிக்கோ தங்கைக்கோ ஒரு செய்தி அனுப்புங்கள்: “நாளைக்கு வா. உனக்காக இடம் பிடித்து வைக்கிறேன்.”