மாயாவிக்கும் நிழல் விழும்

சங்கரன்கோவிலில் எங்கள் தெரு முழுக்க விசைத்தறிச் சத்தம். அதற்குள் உட்கார்ந்து நாவல் படிக்க முடியுமா என்றால், முடிகிறது. பிளஸ் ஒன் படிக்கிற மகள், “அப்பா, தறி ஓடுற நேரம் சும்மாதான இருக்கீங்க, இதப் படிங்க” என்று ‘தி ஹாபிட்’டைக் கொடுத்தாள்.

1937இல் வந்த ஆங்கில நாவல். எழுதிய டோல்கீன் ஆக்ஸ்ஃபோர்டில் பழைய ஆங்கிலம் கற்பித்த பேராசிரியர். பரீட்சைத் தாள் திருத்தும்போது, மாணவர் ஒருவர் எழுதாமல் விட்ட பக்கத்தில்தான் கதையின் முதல் வரியைக் கிறுக்கினாராம். வேளாவேளைக்குச் சாப்பாடு, தூக்கம் என்று கிடக்கிற கதாநாயகன் பில்போவை, டிராகன் காவல் காக்கும் புதையலை மீட்கப் பதிமூன்று குள்ளர்கள் இழுத்துப் போகிறார்கள்.

கிளம்புமுன் ஒப்பந்தக் கடிதம் தருகிறார்கள் பாருங்கள், அங்கேயே நான் விழுந்துவிட்டேன். லாபம் வந்தால் பதினான்கில் ஒரு பங்குக்கு மிகாமல், வழிச்செலவு எப்படியும் உண்டு, செத்துப்போனால் ஈமச்செலவு அவர்கள் பொறுப்பு. ஜவுளி வியாபாரத்தில்கூட இத்தனை தெளிவாக யாரும் எழுதித் தருவதில்லை.

எங்கள் வயசு ஆட்களுக்கு மாயக்கதை சிவகாசியிலிருந்து வந்தது. 1972இல் முத்து காமிக்ஸ் தொடங்கியதே இரும்புக்கை மாயாவியை வைத்துத்தான். உடம்பில் மின்சாரம் பாய்ந்தால் ஆள் மறைந்துவிடுவார், இரும்புக்கை மட்டும் அந்தரத்தில் தெரியும். பில்போவுக்குக் கிடைக்கும் மோதிரமும் ஆளை மறைக்கிறது, ஆனால் நல்ல வெயிலில் நின்றால் மங்கலாக நிழல் விழும்.

“ஏட்டி, மறைஞ்ச பிறகும் நிழல் தெரியுமாமே?”

“பின்ன? அதுகூட இல்லன்னா என்னப்பா சுவாரசியம்?”

சரிதான். என்ன வேண்டுமானாலும் செய்ய முடிந்தவனுக்காக நாம் ஏன் பதற வேண்டும்?

மோதிரம் கைக்கு வருகிற அத்தியாயம்தான் உச்சம். பாதாள ஏரிக்கரை, கும்மிருட்டு. கோல்லம் என்ற ஜந்துவும் பில்போவும் மாறி மாறி விடுகதை போடுகிறார்கள். தோற்றால் பில்போதான் அதற்குச் சாப்பாடு. முதல் பதிப்பில் கோல்லம் அந்த மோதிரத்தையே பரிசாகப் பந்தயம் வைத்தது. அடுத்து எழுதிய பெரிய நாவலுக்கு அது ஒத்துவராததால், 1951 பதிப்பில் டோல்கீன் அத்தியாயத்தை மாற்றினார். பழைய வடிவம் பில்போ அவிழ்த்துவிட்ட பொய் என்று கதைக்குள்ளேயே கணக்கை நேர் செய்தும்விட்டார். கில்லாடி!

இந்த நாவல் அச்சேறியதற்கும் ஒரு பிள்ளையின் சிபாரிசு உண்டு. பதிப்பாளர் ஸ்டான்லி அன்வின், 1936இல் தன் பத்து வயது மகன் ரெய்னரிடம் பிரதியைக் கொடுத்துக் கருத்துக் கேட்டார். கூலி ஒரு ஷில்லிங். ஐந்திலிருந்து ஒன்பது வயதுப் பிள்ளைகளுக்குப் பிடிக்கும் என்று எழுதிக் கொடுத்தான் அந்தப் பெரிய மனுஷன்!

அதே ரெய்னர் வளர்ந்து அப்பாவின் நிறுவனத்தில் சேர்ந்தபின் டோல்கீனின் அந்தப் பெரிய நாவல் ‘தி லார்ட் ஆஃப் த ரிங்ஸ்’ வந்தது. ஆயிரம் பவுண்டு நஷ்டமாகலாம் என்று சொல்லித்தான் அனுமதி கேட்டார், அப்பா சம்மதித்தார். 1954, 55இல் மூன்று பாகங்களாக வெளியானது. மொத்தம் ஆயிரம் பக்கத்துக்கு மேல். ஆடித்தபசுத் திருவிழாவுக்குத் தறியை நிறுத்தும்போது முதல் பாகத்தைத் தொடங்கலாம் என்று வீட்டில் பேச்சு.