மதுரைக்குச் சென்னையை விட கொழும்பு பக்கமா? விமான தூரமும் நேரமும் கணக்கிடப்படுவது எப்படி?

விருதுநகர் மாவட்டம் குமாரலிங்கபுரத்தில் பி.எம். மித்ரா ஜவுளிப் பூங்கா வரும் என 2023 மார்ச்சில் அறிவிப்பு வந்ததிலிருந்து, வானம் பார்த்த அந்தக் கரிசல் பூமியிலும் ‘ஏர்போர்ட் எவ்ளோ தூரம்?’ என்ற கேள்வி சகஜமாகிவிட்டது. ஏற்கெனவே அருப்புக்கோட்டை, திருச்சுழி பக்கமிருந்து வளைகுடா நாடுகளுக்கு வேலைக்குப் போகிறவர்களுக்கு இது பழகிய கேள்விதான். பக்கத்து விமான நிலையம் மதுரை. அருப்புக்கோட்டையிலிருந்து சாலை வழியே சுமார் 40 கி.மீ.

அங்கிருந்து சென்னைக்கு வான்வழி தூரம் சுமார் 420 கி.மீ. கொழும்பின் கட்டுநாயக்க விமான நிலையத்துக்கோ சுமார் 355 கி.மீ.தான். ஆமாம், கடல் தாண்டிப் போகும் கொழும்புதான் பக்கம்!

சாலையில் சென்னை 460 கி.மீ. வரும். ரயிலில் 490ஐத் தாண்டும். சாலையும் தண்டவாளமும் ஊர் ஊராக வளைந்து போகும். வான்வழி தூரம் என்பது பூமியின் வளைவையொட்டி இரு இடங்களுக்கு நடுவே உள்ள மிகக் குறுகிய தூரம். விமானம் அதே கோட்டில் அச்சு பிசகாமல் பறக்கும் என்று சொல்ல முடியாது, கொஞ்சம் கூடும்.

சரி, மணிக்கு 800 கி.மீ.க்கு மேல் பறக்கும் ஜெட் விமானம் 420 கி.மீ.யை அரை மணி நேரத்தில் கடக்கணுமே? டிக்கெட்டில் ஏன் ஒண்ணேகால் மணி நேரம் போட்டிருக்கிறார்கள்?

டிக்கெட்டில் இருப்பது பறக்கும் நேரம் மட்டுமல்ல. நிறுத்திய இடத்திலிருந்து விமானம் நகரத் தொடங்கியது முதல், இறங்கிய ஊரில் போய் நிற்பது வரை மொத்தமும் அதில் அடக்கம். இதை ‘பிளாக் டைம்’ என்பார்கள். ஓடுபாதைக்கு உருண்டு போகணும், மேலே ஏறணும். முழு வேகம் பிடித்துச் சிறிது நேரத்திலேயே இறங்கத் தொடங்கணும். சென்னையில் நெரிசல் என்றால் வானத்திலேயே வட்டமடிக்கவும் வேண்டியிருக்கும். இறக்கை விசிறி வைத்த ஏ.டி.ஆர். விமானம் என்றால் வேகமே மணிக்கு 500 கி.மீ. அளவுதான்.

பலர் குழம்பும் இடம் இன்னொன்று. டிக்கெட்டில் புறப்படும் நேரம் புறப்படும் ஊரின் கணக்கு. இறங்கும் நேரம் இறங்கும் ஊரின் கணக்கு. கொழும்புக்கும் நமக்கும் ஒரே நேரம் என்பதால் பிரச்னை இல்லை. துபாய் நம்மை விட ஒன்றரை மணி நேரம் பின்னால் இருக்கிறது. உதாரணமாக, மதுரையில் பகல் 12 மணிக்குக் கிளம்பி துபாயில் 2.45க்கு இறங்குவதாக டிக்கெட்டில் இருந்தால், பயணம் இரண்டே முக்கால் மணி நேரம் இல்லை, நாலேகால் மணி நேரம். தூரமே சுமார் 2,950 கி.மீ. ஆச்சே! அங்கே அழைத்துப் போக வருகிறவரிடம் அந்த ஊர் நேரத்தைச் சொல்லாவிட்டால், அவர் ஒன்றரை மணி நேரம் தாமதமாகவோ முன்னதாகவோ வந்து நிற்பார்.

சென்னைக்கு மட்டும்தான் போகணும் என்றால் வீட்டிலிருந்து கணக்குப் போடுங்க. மதுரை விமான நிலையம் போக ஒரு மணி நேரம், இரண்டு மணி நேரம் முன்னாடி அங்கே இருக்கணும், விமானம் ஒண்ணேகால், மீனம்பாக்கத்தில் பெட்டியை எடுத்து ஊருக்குள் போக இன்னொரு மணி நேரம். மொத்தம் ஐந்தேகால் மணி நேரம் ஆகிவிடும். மதுரை - சென்னை தேஜஸ் ரயில் ஆறரை மணி நேரம் வாக்கில் எழும்பூரில் விட்டுவிடும். மதுரை ரயில் நிலையம் போகிற நேரத்தைச் சேர்த்தாலும், விமானத்தில் மிச்சமாவது இரண்டரை மணி நேரம் அளவுதான். டிக்கெட் விலையையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கோங்க.