சாராயம் குடிக்கப் பழகிய எஞ்சின்

சாதாரண பெட்ரோல் காரில் வெறும் எத்தனாலை (சாராயத்திலுள்ள ஆல்கஹாலை) ஊற்றினால் என்ன ஆகும்? வெயில் நாளாக இருந்தால் கிளம்பிவிடக்கூடும். பிறகு இழுவை இல்லாமல் திணறும். ஒரு கிலோ பெட்ரோல் முழுதாக எரிய ஏறத்தாழ 14.7 கிலோ காற்று வேண்டும். எத்தனாலுக்கு 9 கிலோ போதும். அதன் எடையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஆக்சிஜனாகவே இருப்பதுதான் காரணம். ஆகவே சிலிண்டருக்குள் வரும் அதே காற்றுக்கு ஒன்றரை மடங்குக்கு மேல் எரிபொருள் போக வேண்டும். பெட்ரோலுக்காக அளந்து வைத்த துளை வழியே அவ்வளவு போகாது. எஞ்சின் அரைப் பட்டினியில் ஓடும்.

இந்தப் பட்டினியைத் தீர்க்க ஒரு நாடே முனைந்து கற்றது என்றால் அது பிரேசில்தான். 1973 எண்ணெய் நெருக்கடியில் இறக்குமதிச் செலவு கழுத்தை நெரித்தது. எத்தனால் எடுக்க உதவும் கரும்புக்கோ அங்கே பஞ்சமில்லை. 1975 நவம்பரில் ‘புரோஆல்கூல்’ என்ற தேசிய எத்தனால் திட்டம் பிறந்தது. சாவோ ஜோசே டோஸ் காம்போஸ் நகரிலுள்ள விமானத் தொழில்நுட்ப மையத்தில் பொறியாளர் உர்பானோ ஸ்டும்ப்ஃபின் குழு பெட்ரோல் எஞ்சின்களை எத்தனாலுக்கு மாற்றிக்கொண்டிருந்தது. அப்படி மாற்றிய ஒரு டாட்ஜ், ஒரு ஃபோக்ஸ்வாகன், ஒரு குர்ஜெல் என மூன்று வண்டிகள் 1976-இல் நாட்டைச் சுற்றி ஓட்டிக் காட்டப்பட்டன.

அந்தக் காலத்து மாற்றம் முழுக்க முழுக்கப் பட்டறை வேலை. முதலில் கார்புரேட்டரில் எரிபொருள் போகும் துளையான ஜெட்டைப் பெரிதாக்க வேண்டும். இது சுலபம். அடுத்தது அரிப்பு. பிரேசிலின் பெட்ரோல் பங்க்குகளில் விற்ற எத்தனாலில் சுமார் 5 சதவீதம் தண்ணீர் இருந்தது. சாதாரணக் காய்ச்சி வடித்தலில் அந்தக் கடைசித் தண்ணீரைப் பிரிக்க முடியாது. பிரிக்கத் தனிச் செலவாகும் என்பதால் அப்படியே விற்றார்கள். அந்தக் கலவை துத்தநாகக் கலப்பு கார்புரேட்டரைத் தின்றது, டேங்கைத் துருப்பிடிக்க வைத்தது, ரப்பர் குழாய்களை ஊதவைத்தது. கார்புரேட்டருக்கு நிக்கல் பூச்சும் டேங்குக்கு வெள்ளீயப் பூச்சும் கொடுத்துச் சமாளித்தார்கள்.

குளிர் காலை இன்னொரு தலைவலி. சுமார் 13 டிகிரி செல்சியஸுக்குக் கீழே தீப்பற்றும் அளவுக்கு எத்தனால் ஆவியாவதில்லை. பிரேசிலின் தென் மாநிலங்களில் குளிர்காலக் காலைகள் அதற்கும் கீழே போகும். பானட்டுக்குள் பெட்ரோலுக்கென்று ஒரு குட்டி டேங்க் வைத்து, ஸ்டார்ட் செய்யும்போது மட்டும் கொஞ்சம் பீய்ச்சினார்கள். பெட்ரோலை ஒழிக்க வந்த காருக்குக் காலையில் கண் விழிக்கப் பெட்ரோல் தேவைப்பட்டது!

எத்தனாலின் உண்மையான பலம் வேறிடத்தில் இருக்கிறது. அதன் ஆக்டேன் எண் பெட்ரோலைவிட அதிகம். ஆவியாகும்போது வெப்பத்தை நிறைய உறிஞ்சி உள்ளே வரும் காற்றையும் குளிர்விக்கிறது. அதனால் எரிபொருள் தன்னாலே வெடித்து எஞ்சின் தட்டாமல் (‘நாக்’), சிலிண்டருக்குள் கலவையைப் பலமாக அழுத்தலாம். ஹெட்டையோ பிஸ்டனையோ மாற்றிக் கம்ப்ரஷனைக் கூட்டி, இக்னிஷன் டைமிங்கை முன்னே தள்ளினால் நல்ல இழுவை கிடைக்கும். ஆனால் இங்கேதான் பொறி. கம்ப்ரஷனைக் கூட்டிய எஞ்சின் அன்றைய மட்டமான பெட்ரோலுக்குத் திரும்ப முடியாது. அது ஒருவழிப் பாதை.

1979-இல் ஃபியட் 147 எத்தனால் காராகவே விற்பனைக்கு வந்தது. அதன் புகை கரும்புச் சாராயம்போல் மணந்ததால் மக்கள் அதற்கு வைத்த செல்லப்பெயர் ‘கஷாசின்யா’. 1980-களின் நடுவில் பிரேசிலில் விற்ற புதிய கார்களில் பத்தில் ஒன்பது எத்தனாலில் ஓடின. பிறகு எண்ணெய் மலிந்தது, சர்க்கரை விலை ஏறியது. ஆலைகள் கரும்பைச் சர்க்கரைப் பக்கம் திருப்பின. 1989-இல் பங்க்குகளில் எத்தனால் வறண்டது. வேறு எதையும் குடிக்கத் தெரியாத கார்கள் வரிசையில் நின்றன. நம்பிக்கை ஒருமுறை உடைந்தபின் எத்தனால் கார் விற்பனை சில ஆண்டுகளில் படுத்துவிட்டது.

அதை மீட்டது பட்டறை அல்ல, மென்பொருள். 2003-இல் வந்த ஃபோக்ஸ்வாகன் கோல் டோட்டல் ஃபிளெக்ஸ் கார், பெட்ரோலையும் எத்தனாலையும் எந்த விகிதத்திலும் ஏற்றது. புகைக்குழாயிலுள்ள ஆக்சிஜன் சென்சார் சொல்வதைக் கேட்டு, இன்ஜெக்டர் எவ்வளவு நேரம் திறக்க வேண்டும் என்று கணினி முடிவு செய்கிறது. இரண்டு எரிபொருளுக்கும் சமரசமான கம்ப்ரஷன் என்பதால் எத்தனாலின் முழுப் பலனும் கிடைக்காது. என் கணக்கில், திரும்பி வர வழி இருப்பதற்கு அது நியாயமான விலைதான். ஒரு லிட்டர் எத்தனாலில் பெட்ரோலின் மூன்றில் இரண்டு பங்கு ஆற்றல்தான் உண்டு. அதனால் அங்கே வண்டி ஓட்டுபவர்கள் பொதுவாக எத்தனால் விலை பெட்ரோல் விலையில் 70 சதவீதத்துக்குக் கீழே இருந்தால்தான் அதைப் போடுகிறார்கள்.

இதற்குப் புதிய கார்தான் வேண்டும் என்பதில்லை. பிரான்ஸில் பழைய பெட்ரோல் காரிலேயே ஒரு சிறு மின்னணுப் பெட்டியைப் பொருத்தி இன்ஜெக்டர் திறந்திருக்கும் நேரத்தை நீட்டிக்கிறார்கள். 2017 முதல் அதற்குச் சட்ட அங்கீகாரமும் உண்டு. அங்கே விற்பது 85 சதவீதம் வரை எத்தனால் கலந்த எரிபொருள்.

நம் ஊர் பங்க்குகளில் கிடைப்பது 20 சதவீத எத்தனால் கலவை. இதற்கு எஞ்சினைப் பிரித்து மாற்ற வேண்டியதில்லை. ஆனால் இந்தக் கலவைக்கென வடிவமைக்காத, 2023-க்கு முந்தைய வண்டி வைத்திருப்பவர்கள் பெட்ரோல் குழாயையும் ரப்பர் வாஷர்களையும் சர்வீஸின்போது பார்க்கச் சொல்லுங்கள். டேங்கில் தண்ணீர் இறங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்: தண்ணீர் மிகுந்தால் அது எத்தனாலையும் இழுத்துக்கொண்டு அடியில் தங்கும், வண்டி கிளம்பாது. மாதக்கணக்கில் நிறுத்திவைக்கும் ஸ்கூட்டரில் பழைய எரிபொருளை விட்டுவைக்காதீர்கள்.