சிறு டிராக்டர் வாங்குமுன் ஆராயத்தக்கவை

உழவு மாடுகள் அருகிப்போன கிராமங்களில், வாடகை டிராக்டரின் வரவை எதிர்நோக்கிப் பருவத்தைத் தவறவிடும் குடியானவர் பலர், 15 முதல் 30 குதிரைத்திறன் வரையுள்ள சிறு டிராக்டர் ஒன்றைச் சொந்தத்தில் வைத்துக்கொள்வது நலம் என்று கருதத் தொடங்கியுள்ளனர். தென்னந்தோப்பு, வாழை, கரும்பு, காய்கறி முதலிய சாகுபடிகளில் பெரிய டிராக்டர் நுழைய இடமில்லாத வரிசைகளில் இது நுழைந்து திரும்பும். ஆனால் வாங்க விரும்புவோர் முதன்முதலில் கேட்கும் கேள்வி பெரும்பாலும், "எந்தக் கம்பெனி நல்லது?" என்பதாகவே இருக்கின்றது. கம்பெனியின் பெயரைக் கொண்டு மட்டும் இதற்கு விடை காண இயலாது.

பெயரை நம்பி வாங்கியதன் பலனை அமெரிக்க விவசாயிகள் நூறாண்டுகளுக்கு முன்னரே அனுபவித்தனர். மினியாபொலிஸ் நகரத்துக் கம்பெனியொன்று 'போர்டு' என்ற பெயரில் ஒரு டிராக்டரை விற்றது. மோட்டார் வண்டி செய்து புகழ்பெற்ற ஹென்றி போர்டுக்கும் அதற்கும் யாதொரு சம்பந்தமும் இல்லை. நெப்ராஸ்கா மாகாணத்தைச் சேர்ந்த வில்மட் குரோசியர் என்னும் விவசாயி அதனை வாங்கி மிகவும் இடர்ப்பட்டார். பின்னர் அவர் அம்மாகாணச் சட்டசபை அங்கத்தினரானபோது, 1919ஆம் வருஷத்தில் ஒரு சட்டம் நிறைவேற உழைத்தார். அம்மாகாணத்தில் விற்கப்படும் ஒவ்வொரு டிராக்டர் மாதிரியும் சர்வகலாசாலையாரால் பரீட்சிக்கப்பட வேண்டும். விற்கும் கம்பெனி உதிரிப் பாகங்களை மாகாணத்திற்குள்ளேயே இருப்பு வைத்திருக்க வேண்டும் என்பன அச்சட்டத்தின் இரு முக்கிய விதிகள். 1920இல் லிங்கன் நகரில் பரீட்சைகள் தொடங்கின. இன்று ஒருவர் தம் ஊரில் டிராக்டர் வாங்கும்போதும் இவ்விரண்டு விதிகளையே முன்வைத்துக்கொள்வது தகும்.

இந்தியாவில் இப்பரீட்சையை நடத்தும் முதன்மையான நிலையம் மத்தியப் பிரதேசத்திலுள்ள புத்னியில் இருக்கின்றது. அந்நிலையத்தார் ஒவ்வொரு மாதிரிக்கும் தனித்தனி அறிக்கை வெளியிடுகின்றனர். இவ்வறிக்கையைக் காட்டும்படி விற்பனையாளரைக் கேட்பதில் தவறேதும் இல்லை. அதில் நான்கு இடங்களையேனும் ஊன்றிப் பார்க்க வேண்டும்.

முதலாவது, சுழல்தண்டுத் திறன். டிராக்டரின் பின்புறத்தில் நின்று சுழல் கலப்பை, தெளிப்பான் முதலியவற்றை இயக்கும் தண்டை விற்பனையாளர் பி.டி.ஓ. என்பர். விளம்பரத்தில் பெரிய எழுத்தில் காணப்படுவது இஞ்சினின் குதிரைத்திறன். வயலில் வேலை செய்வதோ தண்டில் மிஞ்சும் திறன். இஞ்சின் திறனில் ஒரு பகுதி பற்சக்கரங்களிலேயே செலவாகிவிடும். ஆகவே இரண்டு கம்பெனிகளின் டிராக்டர்களை ஒப்பிடும்போது, ஒன்றின் இஞ்சின் திறனை மற்றொன்றின் தண்டுத் திறனோடு வைத்துப் பார்க்கலாகாது. தண்டு நிமிஷத்திற்கு 540 சுற்றுச் சுழலும்போது கிடைக்கும் திறன் எவ்வளவு என்பதையும் கவனிக்க வேண்டும். பெரும்பாலான கருவிகள் அவ்வேகத்திற்கே அமைக்கப்பட்டவை.

இரண்டாவது, தூக்கும் சக்தி. இதில் ஏமாறுவோர் அதிகம். இணைப்புக் கைகளின் நுனியில் அளந்தால் எடை அதிகமாகவும், அதற்கு 610 மில்லிமீட்டர் பின்னால் அளந்தால் குறைவாகவும் வரும். சுழல் கலப்பையின் பாரம் பின்னுக்குத் தள்ளியே தொங்குவதால், இந்தப் பிந்திய எண்ணே குடியானவருக்கு உதவுவது. விளம்பரத் தாள் எந்த எண்ணைச் சொல்கிறது என்பதைக் கேட்டறிய வேண்டும்.

மூன்றாவது, சேறும் நீரும் உட்புகாத தன்மை. நஞ்சை நிலத்தில் தொளி கலக்கியபின் முன்னச்சு, பிரேக்கு முதலிய பாகங்களைத் திறந்து சேறு புகுந்துள்ளதா என்று பரீட்சகர் பார்த்து எழுதுகின்றனர். காவேரிப் பாசனத்தில் நெல் பயிரிடுவோர் வேறு எதைப் படிக்காவிடினும் இந்தப் பகுதியைப் படிக்காமல் விடலாகாது. புஞ்சைக்கும் தோப்புக்கும் மட்டும் வாங்குவோர்க்கு இது அத்துணை முக்கியமன்று. நான்காவதான எண்ணெய்ச் செலவு, ஒரே அளவு வேலைக்கு எத்தனை டீசல் என்று கணக்கிடப்பட்டிருக்கும். சிறு வித்தியாசமாயினும் பத்தாண்டுகளில் பெருந்தொகையாகும்.

இனி, நம் நாட்டில் விற்பனைக்கு வந்துள்ள சில மாதிரிகளை நோக்குவோம். மஹிந்திரா கம்பெனியாரின் ஜீவோ 245 என்பது 24 குதிரைத்திறன் கொண்டது. இரண்டே சிலிண்டர், ஆனால் 1,366 கன சென்டிமீட்டர் கொள்ளளவு. நான்கு சக்கரங்களும் இழுக்கும். குபோட்டாவின் நியோஸ்டார் ஏ211 என்பது 21 குதிரைத்திறன். மூன்று சிலிண்டர், சுமார் 1,000 கன சென்டிமீட்டர். இதுவும் நாற்சக்கர இழுவையே. முன்னது பெரிய சிலிண்டர்களைக் கொண்டு மெதுவான சுழற்சியில் பாரத்தைத் தாங்கும். பின்னது வேகமாகச் சுழன்று அதிர்ச்சி குறைவாக ஓடும். நாள் முழுதும் அமர்ந்து ஓட்டுபவரின் முதுகுக்குப் பின்னது இதம். ஆயினும் வேகமாய்ச் சுழலும் சிறு இஞ்சினுக்குக் காற்று வடிகட்டியும் எண்ணெயும் காலந்தவறாமல் மாற்றப்பட வேண்டும். அக்கறையற்ற ஆளிடம் ஒப்புவிப்பதாயின் இதனை யோசித்தே செய்க. பெங்களூர் வி.எஸ்.டி. கம்பெனியார் 1967 முதல் ஜப்பானிய மிட்சுபிஷியின் கூட்டுறவோடு பவர் டில்லர் செய்து பழகியவர்கள். அவர்களது 18½ குதிரைத்திறன் மாதிரி மூன்று சிலிண்டர் உடையது. சுவராஜ் 717 என்பது 15 குதிரைத்திறன், ஒற்றைச் சிலிண்டர், பின்சக்கர இழுவை மட்டும். அமைப்பு எளிது, அதிர்ச்சி அதிகம். செம்மண் புஞ்சையில் இடையுழவுக்கு இது போதும்; ஆழ்ந்த சேற்றில் இதை இறக்குவது பொருந்தாது.

இவற்றுள் எது சிறந்தது என்பது நிலத்தைப் பொறுத்தது. கம்பம் பள்ளத்தாக்கின் திராட்சைப் பந்தலின்கீழ் ஓட்டுவோர் டிராக்டரின் உயரத்தையும் புகைக்குழாய் மேலே நிற்கிறதா, பக்கவாட்டில் செல்கிறதா என்பதையும் முதலில் பார்க்க வேண்டும். வாழைக்காரர் அகலத்தையும் திரும்பும் வட்டத்தையும் பார்க்க வேண்டும். தோட்டத்தில் மிக நெருங்கிய இரு வரிசைகளின் இடைவெளியை அளந்து, சுழல் கலப்பையின் அகலத்தோடு இருபுறமும் ஒரு சாண் விட்டுக் கணக்கிட்டுக்கொண்டு விற்பனையாளரிடம் செல்வது உத்தமம். கூடுமாயின் டிராக்டரைத் தம் நிலத்திற்கே வரவழைத்து, தம் மண்ணில் ஒரு மணி நேரம் ஓட்டிப் பார்த்தல் வேண்டும். விற்பனை நிலையத்து முற்றத்தில் எல்லா டிராக்டரும் நன்றாகவே ஓடும்.

உதிரிப் பாகம் பற்றிய விதி இதனினும் பெரிது. நடவுக்கு முந்திய வாரத்தில் ஒரு சிறு முத்திரை வளையம் கிழிந்து அது வர எட்டு நாள் ஆகுமாயின், டிராக்டரின் மற்றச் சிறப்புகளால் பயன் என்ன? பழுதுபார்ப்பவர் எத்தனை மைலில் இருக்கிறார், அம்மாதிரியை அவர் முன்னர்ப் பிரித்துப் பார்த்திருக்கிறாரா, அதே மாதிரியை வைத்திருக்கும் அண்டை ஊரார் சென்ற பருவத்தில் எத்தனை நாள் காத்திருந்தார் என்பனவற்றை நேரில் விசாரிப்பது அவசியம்.

கிரயத்தையும் கணக்கிட்டே இறங்க வேண்டும். உதாரணமாக டிராக்டரும் கருவியும் சேர்ந்து 5 லட்சம் ரூபாய் எனக் கொள்வோம். பத்தாண்டு கழித்து 1 லட்சத்திற்கு விற்கலாமெனின், வருஷத் தேய்மானம் 40,000 ரூபாய். சராசரி முதலீடான 3 லட்சத்திற்கு நூற்றுக்குப் பத்து வட்டி 30,000. இன்ஷ்யூரன்சு, கொட்டகை முதலியவற்றிற்கு 10,000. ஆக 80,000 ரூபாய், டிராக்டர் ஓடாமல் நின்றாலும் செலவாகும். வருஷத்தில் 400 மணி நேரம் ஓடினால் மணிக்கு 200 ரூபாய். 100 மணி நேரமே ஓடினால் மணிக்கு 800 ரூபாய். டீசலும் ஓட்டுநர் கூலியும் இதற்கு மேல். உள்ளூர் வாடகையோடு இதனை ஒப்பிட்டால், மூன்று ஏக்கர் நெல்லுக்கு மட்டும் டிராக்டர் வாங்குவது பெரும்பாலும் நஷ்டம் என்பது விளங்கும். அத்தகையோர்க்கு வேளாண்மைப் பொறியியல் துறையின் வாடகை இயந்திரங்களும், கூட்டுறவுச் சங்கத்தின் இயந்திரங்களும் உண்டு. அண்டை நிலத்துக்காரர் இருவர் மூவர் கூடி வாங்குவதும் ஒரு வழி. ஆனால் முதல் மழையன்று யார் நிலம் முதலில் என்பதைக் காகிதத்தில் எழுதிக்கொள்ளாமல் கூடலாகாது.

மானியம் கிடைக்கிறது என்பதற்காகவே வாங்குவோரும் உளர். மத்திய அரசின் வேளாண் இயந்திரமயமாக்கல் திட்டம் 2014-15இல் தொடங்கியது. மானிய விகிதமும் நிபந்தனையும் விவசாயியின் பிரிவைப் பொறுத்து வேறுபடும். இரண்டு ஹெக்டேருக்கு மேற்படாத நிலமுடையோர் சிறு விவசாயிக்குரிய சான்றை முன்னதாகப் பெற்றிருக்க வேண்டும். சிட்டா, அடங்கல் பெயர் மாற்றம் நிலுவையில் இருப்பின் மனு அங்கேயே தங்கிவிடும். இவ்விஷயத்தில் கிராம அலுவலர் மனுதாரர் வருமுன்னரே எச்சரித்து உதவலாம். அனுமதி கைக்கு வருமுன் முழுத் தொகையையும் கட்டிவிடுதல் கூடாது. 2025 செப்டம்பர் 22 முதல் டிராக்டர் மீதான சரக்கு சேவை வரி நூற்றுக்கு 12இலிருந்து 5 ஆகக் குறைக்கப்பட்டது. அதற்கு முந்திய விலைப்பட்டியலை எவரேனும் நீட்டினால் மறுத்துவிடுக.

டிராக்டரை எடுக்கும் நாளில் இஞ்சின் எண்ணும் சேஸிஸ் எண்ணும் ரசீதிலுள்ளவற்றோடு ஒத்திருக்கின்றனவா என்று பார்த்து, மணி காட்டியின் எண்ணையும் குறித்துக்கொள்ள வேண்டும். முதல் எண்ணெய் மாற்றத்திற்குக் கையேட்டில் சொல்லிய மணிக்கணக்கு, பெரும்பாலும் 50 மணி, நெருங்கும்போதே பழுதுபார்ப்பவருக்குச் சொல்லியனுப்புக. அதன் முன்னர்ப் பெரும்பாரம் ஏற்றிய டிரெய்லரை இழுக்க விடலாகாது.